சித்திரம் சோறு போடுமா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, சாக்கோட்டையில் நமது வீட்டுத் திண்ணையில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. வாதி, ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் தொழிலாளி. இங்கிருந்து காரைக்குடிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஆத்தங்குடிக்கு ஒரு பஸ் என்று இருபது வருஷங்களாகப் போய் வருகிறவர். பிரதிவாதி அவருடைய புத்திரன், இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவன், நம்மிடம் படித்தவன். நீதிபதியாக நம்மை நியமித்தது யார் என்பது நமக்குத் தெரியாது. உபாத்தியாயர் வேலையில் இந்த உபத்திரவம் சம்பளமில்லாமல் கூடவே வருவது.

வழக்கு இதுதான். பையன் கும்பகோணத்திலோ சென்னையிலோ உள்ள அரசினர் கவின்கலைக் கல்லூரியில் சேர வேண்டுமென்கிறான். தகப்பனார் பாலிடெக்னிக்கில் சேர்க்க வேண்டுமென்கிறார். விண்ணப்பத் தாள் பையன் சட்டைப் பையில் நாலாக மடித்துக் கிடந்தது. தகப்பனார் கையெழுத்து இன்னும் ஆகவில்லை.

"வாத்தியாரையா, இவன் படம் போடறது தப்புன்னு நான் சொல்லலே. படம் சோறு போடுமான்னு மட்டும் நீங்க சொல்லுங்க" என்றார் தகப்பனார்.

நாம் வழக்கமான பதிலை எடுத்து விட்டோம். கலை என்றால் தெய்வீகம், காசு முக்கியமல்ல, இத்யாதி. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்து விட்டுத் தம் தம்பியின் கதையைச் சொன்னார். தம்பி காரைக்குடியில் பானர் எழுதியவர். சினிமாக் கொட்டகைகளுக்கும் கட்சிக் கூட்டங்களுக்கும் இருபது அடி உயரத்தில் சாரத்தின் மீது நின்று முகம் எழுதுவார். கண்ணுக்கு மட்டும் தனிக் கூலி. 2000-க்குப் பிறகு ஃபிளெக்ஸ் என்னும் அச்சுத் துணி வந்தது. கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அமுக்கினால் விடிவதற்குள் நாற்பதடி முகம் தயார். தம்பி இப்போது ஒரு கட்டடத்தின் வாசலில் இரவுக் காவல் பார்க்கிறார்.

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. தெய்வீகம் என்று சொன்ன வாயை மூடிக்கொண்டோம். பையன் அப்போது, சுருட்டி வைத்திருந்த பழுப்புக் காகிதம் ஒன்றை மெதுவாகப் பிரித்துத் திண்ணையில் வைத்தான். கரித்துண்டால் வரைந்த சித்திரம். சாரத்தில் ஒரு மனிதன் முதுகு காட்டி நிற்கிறான். அவன் முன்னால் மாபெரும் முகம் ஒன்று, கண் மட்டும் முடிந்து மற்றதெல்லாம் வெறுமையாய் இருக்கிறது. தகப்பனார் ஒரு தடவை பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். தீர்ப்பு ஒரு வாரம் ஒத்தி வைக்கப்பட்டது.

அந்த ஒரு வாரத்தில் நாம் யோசித்தவற்றை வாசகர்களுடன் பகிர்ந்து கொள்ள விரும்புகிறோம். ஏனெனில் இந்த வழக்கு சாக்கோட்டையில் மட்டும் நடப்பதல்ல.

முதலில் ஒரு சந்தேகம். 'கைத்தொழில் சோறு போடும், கலை சோறு போடாது' என்று நாம் இரண்டாக வகுத்து வைத்திருக்கிறோமே, இந்த வகுப்பை நமக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? சென்னை ஓவியக் கல்லூரியின் சரித்திரத்தைப் பார்த்தால் விஷயம் வேடிக்கையாயிருக்கிறது. 1850-ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் ராணுவ வைத்தியர் அதை ஆரம்பித்தார். அங்கே சித்திரத்தோடு சட்டி பானையும் மேஜை நாற்காலியும் வெள்ளிப் பாத்திரமும் பயிற்சியில் சேர்ந்திருந்தன. பின்னர் அதன் தலைவராயிருந்த ஹாவெல் துரை நமது கைவினைகளின் பக்கம் நின்று வாதாடியவர். 1898-ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் அதே பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் பரீட்சையைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஒரு தனித் தொழிலாயிற்று. நம் வீட்டு அடுக்களையில் கிடக்கும் அலுமினியச் சட்டிக்கும் சித்திரப் பள்ளிக்கும் உறவு உண்டென்றால் யார் நம்புவார்கள்? சோறு போடுமா என்று கேட்கிறோம். சோறு வடிக்கும் பாத்திரமே அங்கிருந்து வந்திருக்கிறது!

அந்தப் பள்ளிக்கு 1929-ல் தேவி பிரசாத் ராய் சௌதுரி தலைவரானார். இந்தியர் ஒருவர் அந்த ஸ்தானத்தில் அமர்ந்தது அதுவே முதல் தடவை. மெரீனாக் கடற்கரையில் பாறையைப் புரட்டும் உழைப்பாளிகளின் சிலையைப் பார்க்காதவர்கள் குறைவு; அது அவருடைய கைவேலை. அவரிடம் பயின்று, பிறகு அவருக்குப் பின் 1957-ல் தலைவரானவர் கே. சி. எஸ். பணிக்கர். நமது வழக்குக்கு முக்கிய சாட்சி இந்தப் பணிக்கர்தான்.

பணிக்கர் 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். கல்லூரியை விட்டு வெளியே போகும் மாணாக்கர்களின் கதி அவருக்கு உறுத்தலாயிருந்தது. ஐந்தாறு வருஷம் படித்து விட்டு, படம் வாங்க ஆளில்லாமல், ஏதோ ஒரு கம்பெனியில் எழுத்து வேலைக்குப் போவார்கள். தூரிகை அலமாரியில் காய்ந்து போகும். இதற்கு அவர் கண்ட உபாயம் உபதேசமல்ல, மெழுகு! ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து 'பத்திக்' துணி செய்ய ஆரம்பித்தார்கள். துணியில் சாயம் ஏறக் கூடாத இடமெல்லாம் உருக்கிய மெழுகைத் தூரிகையால் பூசி, சாயத் தொட்டியில் முக்கி, மறுபடி வேறிடத்தில் மெழுகு பூசி, மறுபடி முக்கி, கடைசியில் வெந்நீரில் மெழுகைக் கழற்றி விடுவது. மெழுகு வெடித்த இடங்களில் சாயம் நரம்பு நரம்பாக ஓடியிருக்கும். அந்தத் துணிகள் விற்ற பணத்தைச் சேர்த்து, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகச் சில ஏக்கர் மணற்காடு வாங்கினார்கள். 1966-ல் அங்கே குடியேறினார்கள். அதுதான் சோழமண்டலம் கலைஞர் கிராமம்.

பகலில் ஒரு பொழுது பிழைப்புக்கான கைவேலை. மிச்சப் பொழுது தன் சித்திரம். ஏற்பாடு இவ்வளவுதான். சர்க்கார் மானியத்தை எதிர்பார்க்கவில்லை. பிரபுவின் தயவை எதிர்பார்க்கவில்லை. தன் நூலைத் தானே நூற்றுக்கொள் என்று நமக்கு ஒருவர் சொல்லிக் கொடுத்தாரே, அதைச் சித்திரக்காரர்கள் இவ்வாறு செய்து காட்டினார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

கைவேலை அவர்களுடைய கலையைக் கெடுத்ததா? இந்தக் கேள்விதான் ருசிகரமானது. பி. வி. ஜானகிராம் தாமிரத் தகட்டைத் தட்டி வளைத்து உருவங்கள் செய்தார். கோவிலில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதே தகடு, அதே தட்டு வேலை, ஆனால் உள்ளே விக்கிரகம் இல்லை, கவசமே விக்கிரகமாய் நிற்கிறது. பணிக்கரின் குமாரர் நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்ற வைத்து, மேலே எனாமல் ஏற்றினார். பணிக்கரோ 1963-லிருந்து 'சொற்களும் குறிகளும்' என்ற வரிசையில் சித்திரங்கள் எழுதினார். முதலில் பார்க்கும்போது யாரோ ஜோசியர் ஒருவரின் பழைய ஏட்டைத் துணியில் ஒட்டியது போலிருக்கும். கட்டங்கள், எண்கள், எழுத்துப் போன்ற கிறுக்கல்கள், நடுவில் ஒரு மீன் அல்லது பறவை. படிக்க முயன்றால் ஒன்றும் விளங்காது. படிக்காமல் பார்த்தால் நம் வீட்டுப் பரணில் எங்கோ கண்டது போலிருக்கும். கையால் பொருள் செய்து பழகியவனுக்குப் பொருளின் குணம் தெரிகிறது. அது சித்திரத்தில் இறங்குகிறது. கெட்டுப் போனதாக நமக்குத் தெரியவில்லை.

ஆனால் எல்லாம் இன்பமயமாயிருந்தது என்று சொன்னால் அது பொய். சிலர் வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட்டார்கள். கே. ராமானுஜம் என்று ஒருவர். கறுப்பு மசியால் மாளிகைகளும் கோபுரங்களும் பறக்கும் மிருகங்களுமாகக் கனவு நகரங்களை எழுதிக் குவித்தவர். 1973-ல் இளம் வயதிலேயே மறைந்தார். அவருடைய சித்திரங்களின் மதிப்பை உலகம் பின்னாலேதான் கண்டது. பின்னால் வரும் மதிப்பு யாருக்கும் சோறு போடுவதில்லை. தகப்பனார் பக்கத்து வாதத்தையும் நாம் மறைக்கக் கூடாதல்லவா?

நாம் அந்தக் கிராமத்திற்கு இரண்டு தடவை போயிருக்கிறோம். கல்லூரி நாட்களில் முதல் தடவை போனபோது, நவீன ஓவியம் விளங்கவில்லை என்று வெளியில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி விட்டு வந்தோம். இரண்டாம் தடவை பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போனோம். ஒரு சிறுமி பணிக்கரின் படத்தின் முன் நின்று, "எங்க ஆயா வீட்டுச் சுவத்துல பால் கணக்கு இப்படித்தான் எழுதியிருக்கும்" என்றாள். விமரிசகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை விட அது நமக்கு அதிகமாய் உதவிற்று.

நிற்க. சோறு என்ற விஷயத்தில் நம்மைப் போன்ற பத்திரிகை வாசகர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. தமிழ்நாட்டில் சித்திரக்காரர்களுக்குப் படியளந்தவற்றில் வாரப் பத்திரிகைகளும் அச்சகங்களும் முக்கியமானவை. சில்பி என்ற ஸ்ரீநிவாசன் கோவில் கோவிலாகப் போய், தூணுக்கு முன்னால் உட்கார்ந்து சிற்பங்களைக் கோட்டில் எழுதியது ஆனந்த விகடனில் வெளியாகி நடுத்தரக் குடும்பங்களுக்குள் வந்தது. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் எழுதிய படங்கள் இல்லாமல் வந்தியத்தேவனை நினைக்க முடிகிறவர் நம் தலைமுறைக்கு முந்தியவர்களில் யாருமில்லை. கோபுலு கும்பகோணத்தில் சித்திரம் பயின்றவர்; நம் பையன் விண்ணப்பம் போட விரும்பும் அதே ஊர். கோவில்பட்டிக் கொண்டையராஜு சென்னைப் பள்ளியில் படித்து விட்டு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதினார். பிறகு அவர் எழுதிய முருகனும் லக்ஷ்மியும் சிவகாசியில் அச்சாகிக் காலண்டர்களாய் ஊர் ஊராகப் போயினர். ஏழை வீட்டுப் பூஜை அறைக்கு ஆணி ஒன்றுதான் செலவு.

கே. எம். ஆதிமூலத்தைத் தனியே சொல்ல வேண்டும். 1938-ல் திருச்சி ஜில்லா கீராம்பூரில் பிறந்தவர். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி மகாத்மாவைக் கறுப்பு வெள்ளைக் கோடுகளில் ஏறக்குறைய நூறு தடவை எழுதினார். சில படங்களில் முகமே தெரியாது. வளைந்த முதுகும் வேகமும் மட்டும் இருக்கும். ஆனாலும் யாரென்று சந்தேகம் வராது. அதே கை பிற்பாடு கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஜூனியர் விகடனில் படம் போட்டது. கிராமத்து டீக்கடையில் பத்திரிகை பிரித்தவர்கள் தாம் நவீன ஓவியம் பார்க்கிறோம் என்று தெரியாமலே பார்த்தார்கள். அவர் 2008-ல் காலமானார்.

மகாத்மாவைச் சொன்னதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 1938-ல் குஜராத்தின் ஹரிபுரா கிராமத்தில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, பந்தலை அலங்கரிக்க நந்தலால் போஸை அவர் அழைத்தார். போகிற வருகிற குடியானவன் நின்று பார்க்கும்படி இருக்க வேண்டும், சாமான்கள் உள்ளூர்ச் சாமான்களாயிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நந்தலால் கையால் செய்த காகிதத்தில் மண் வர்ணங்களைக் கொண்டு தச்சரையும் குயவரையும் மத்தளம் கொட்டுகிறவரையும் நூல் நூற்கும் பெண்ணையும் எழுதினார். தலைவர்கள் வந்து கூடிய பந்தலில் தொழிலாளிகளின் படங்கள் தொங்கின.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். சாக்கோட்டையிலிருந்து தேவகோட்டை ஒன்றும் தூரமில்லை. அங்கே 1957-ல் பிறந்த ஆர்எம். பழனியப்பன் அச்சுச் சித்திரக் கலையில் இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் பெயர் பெற்றவர். துத்தநாகத் தகட்டையோ தாமிரத் தகட்டையோ கீறி, திராவகத்தில் அரிக்க விட்டு, அந்தப் பள்ளங்களில் மசியை நிரப்பி, காகிதத்தை வைத்து அழுத்துவது அந்த வித்தை. தகட்டில் இடது பக்கம் கீறியது காகிதத்தில் வலது பக்கம் வரும். ஆகையால் எல்லாவற்றையும் திருப்பி யோசிக்க வேண்டும். இதைப் பையனுக்கு ஒரு நாள் வகுப்பில் விளக்கினோம். தேவகோட்டைக்காரர் என்று கேட்டதும் அவனுடைய கண் விரிந்ததை நாம் பார்த்தோம். அமெரிக்காவில் யாரோ செய்தார் என்றால் அப்படி விரிந்திராது.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் பர்மாத் தேக்கையும் பெல்ஜியம் கண்ணாடியையும் சொல்லி விட்டுப் போகிறார்கள். முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் கடுக்காயும் கலந்து பளிங்கு போல் தேய்த்த சுவரையும் சிலர் சொல்வார்கள். நாம் சொல்ல விரும்புவது ரவிவர்மாவின் படங்களை. 1894-ல் பம்பாயில் அவர் ஏற்படுத்திய அச்சுக்கூடத்தின் வர்ணப் படங்கள் இந்தப் பிராந்தியத்து வளவுகளில் வரிசையாகத் தொங்கின. ஆச்சிமார் சிலர் அதோடு விடவில்லை. படத்திலுள்ள சரஸ்வதிக்கு நிஜத் துணியில் சேலை தைத்து ஒட்டி, ஜரிகை வைத்து, கழுத்துக்கு மணி கோத்துச் சட்டமிட்டார்கள். பட்டணத்துக் கண்காட்சிகளில் இப்போது துணியும் தகரமும் வர்ணமும் சேர்த்து ஒட்டிய படங்களுக்கு 'கலப்பு ஊடகம்' என்று சீட்டு எழுதி வைக்கிறார்கள். நம் ஆச்சிமார் சீட்டு எழுதாமல் செய்தார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். சீர் வரிசைக்கு அவர்கள் பின்னிய பனையோலைக் கொட்டானும் அப்படியே. அது ஏறக்குறைய மறைந்துபோன சமயத்தில், விசாலாட்சி ராமசாமி அவர்களின் முயற்சியால் கிராமத்துப் பெண்கள் பலர் அதை மறுபடி கற்று, இன்று அதைப் பின்னியே கூலி காண்கிறார்கள். கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லது. ஆனால் அதே காரைக்குடியில் பழைய சாமான் கடைகளில் பிரித்தெடுத்த கதவுகளும் தூண்களும், கண்ணாடியின் பின்புறம் எழுதிய தெய்வப் படங்களும் அடுக்கிக் கிடப்பதைப் பார்க்கும்போது நமக்கு வயிறு எரிகிறது. எழுதினவன் பெயர் அவற்றில் எதிலும் இல்லை. பெயர் இல்லாததால்தான் விற்கச் சுலபமாயிருக்கிறது போலும்.

சனிக்கிழமையன்று பையனையும் அழைத்துக்கொண்டு ஆத்தங்குடிக்குப் போனோம். நீதிபதி ஸ்தலப் பார்வை செய்ய வேண்டாமா?

தகப்பனார் வேலையில் உட்கார்ந்திருந்தார். தரையில் ஒரு கண்ணாடிச் சதுரம். அதைச் சுற்றி இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவில் மடித்த தகட்டு அச்சு. கரைத்த சிமெண்டு வர்ணங்களைச் சிறு கரண்டியால் மொண்டு அச்சின் அறைகளில் ஊற்றினார். சிவப்பு இதழ், மஞ்சள் நடு, பச்சை ஓரம். ஒரு சொட்டுக் கூட வேலி தாண்டவில்லை. அச்சை நேர் மேலே தூக்கினார். வர்ணம் கலையாமல் பூ நின்றது. அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்தார். அதன் பின் காய வைத்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப் போட வேண்டும். கண்ணாடி கழன்ற பிறகுதான் பூவின் முகம் தெரியும். சூளை கிடையாது, நெருப்புக் கிடையாது. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் வழவழப்பு.

"யந்திரக் கல் வந்தபோது இதுவும் போயிரும்னுதான் சொன்னாங்க" என்றார், நாம் கேட்காமலே. மேலே ஒன்றும் சொல்லவில்லை. ஃபிளெக்ஸ் தம்பியைத் தின்றது, யந்திரக் கல் அண்ணனை ஏன் தின்னவில்லை என்பதை நாமும் யோசித்தோம். வீடு கட்டுகிறவர்கள் இந்தக் கையின் வேலைதான் வேண்டுமென்று தேடி வருகிறார்கள் என்பது ஒரு காரணம். பானரில் யாரும் கையைத் தேடவில்லை, முகத்தைத் தேடினார்கள். ஆனால் இந்தத் தேட்டம் நாளைக்கும் இருக்குமென்று யார் ஜாமீன் கொடுப்பது?

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பையன், "அப்பா, எனக்கு ஒரு கண்ணாடி குடுங்க. அச்சு வேண்டாம்" என்றான்.

"அச்சில்லாம வர்ணம் ஓடிரும்டா."

"ஓடாது."

தகப்பனார் நம்மைப் பார்த்தார். நாம் கூரையைப் பார்த்தோம். அவர் ஒரு கண்ணாடியைத் துடைத்துச் சட்டத்தில் வைத்து நகர்ந்து உட்கார்ந்தார். பையன் கறுப்பு வர்ணத்தைக் கரண்டியில் எடுத்து நூலாக விட ஆரம்பித்தான். முதற் கோடு பரவி விட்டது. "தண்ணி சாஸ்தி. கட்டியாக் கரை" என்று தகப்பனார் கிண்ணத்தை வாங்கித் தாமே கரைத்துக் கொடுத்தார். இரண்டாவது கோடு நின்றது. சாரம் வந்தது, சாரத்தில் ஒரு மனிதன் வந்தான், அவன் கையில் தூரிகை வந்தது. பக்கத்தில் வேலை செய்தவர்கள் இரண்டு மூன்று பேர் எழுந்து வந்து நின்றார்கள்.

தகப்பனார் குனிந்து பார்த்து, "சித்தப்பாவுக்கு இடது கைப் பழக்கம்ல? நீ வலது கையில தூரிகையக் குடுத்திருக்கே" என்றார்.

"கண்ணாடியப் பிரிச்சா இடது கையாயிரும்ப்பா" என்றான் பையன்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு உலர்ந்த சிமெண்டைக் கை நிறைய அள்ளி, விரல்களின் இடுக்கு வழியாக, ஒரு கோடும் அசையாதபடி அதன் மேல் தூவினார்.

விண்ணப்பத் தாள் இப்போது நமது மேஜை மேல் இருக்கிறது. கையெழுத்து இன்னும் ஆகவில்லை. கல் தொட்டியில் ஊறுகிறது; புதன்கிழமை எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.